‘வெறும் 10 சதவீதம்’ – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

பெங்களூரு மாரத்தஹள்ளியில் தங்கி, காற்றாலைகளுக்குக் கட்டுப்பாட்டு மென்பொருள் எழுதும் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். மூன்று இறக்கைகளையும் ஒரே கோணத்தில் திருப்பாமல், ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் திருப்பி, அவற்றின் மேல் விழும் ஏறுமாறான சுமையைக் குறைப்பது என் வேலை. எட்டு மாதம் உழைத்ததில் வெறும் 10 சதவீதம்தான் குறைகிறது. இறக்கையைத் திருப்பும் பேரிங் தேய்ந்துவிடும் என்று மேலாளர் ஓரங்கட்டுகிறார். நண்பர்கள் ஏஐ கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள். நானும் போய்விடலாமா? ஊரில் இருக்கும் அப்பாவுக்கு என் வேலையைத் தமிழில் சொல்லவும் தெரியவில்லை.

ஆர்.

அன்புள்ள ஆர்,

வேலை மாறுவது பற்றி நான் என்ன சொல்ல? சம்பளமும் வாடகையும் உங்களுக்குத்தான் தெரியும். தமிழில் சொல்லத் தெரியவில்லை என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன், கடிதத்தில் அழகாகச் சொல்லியிருக்கிறீர்கள், அதையே அப்பாவுக்குப் படித்துக் காட்டுங்கள், போதும்.

ஆனால் அந்த ‘வெறும்’ இருக்கிறதே, அதைப் படித்ததும் கோபம் வந்துவிட்டது. பாலிடெக்னிக்கில் இருபது வருடம் இயந்திரவியல் பாடம் எடுத்தவள் நான். கணக்கு போடாமல் ‘வெறும்’ என்று எழுதும் பையன்களை எழுந்து நிற்கச் சொல்வேன். நீங்களும் இப்போது போடுங்கள். நிமிடத்துக்கு 12 சுற்று என்றால் வருடத்துக்கு 63 லட்சம் சுற்று, 20 வருடத்தில் 12 கோடிக்கு மேல். காற்றில்லாமல் பாதி நாள் நின்றாலும் 6 கோடி. ஒவ்வொரு சுற்றிலும் இறக்கை ஒரு தடவை வளைந்து நிமிர்கிறது. வளைந்து வளைந்தே பொருள் தளர்வதைச் சோர்வு என்கிறோம்; அந்தக் கணக்கில் கண்ணாடி இழை இறக்கைக்கு அடுக்கு 10, அதாவது சேதம் சுமையின் பத்தாம் அடுக்காக ஏறும் என்று எடுப்பது வழக்கம், இல்லையா? சுமையின் ஊசலாட்டம் 10 சதவீதம் குறைந்தால் 0.9-ஐப் பத்து தடவை பெருக்க வேண்டும். 0.35 வரும். ஒவ்வொரு சுற்றும் செய்யும் சேதம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக விழுந்துவிட்டது. இரும்புக்கு அடுக்கு 4 என்று வைத்தால்கூட 0.66. எட்டு மாதத்தில் இதைச் செய்துவிட்டு, யாரோ முகம் சுளித்தார் என்று நீங்களே அதைச் சின்னதாக்கி எழுதுகிறீர்கள்.

சராசரியைப் பார்த்தே பழகிவிட்டோம், அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். மூன்று இறக்கையும் சேரும் நடுப்பகுதியான ஹப் 100 மீட்டர் உயரத்தில், இறக்கை 60 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறக்கை நுனி கீழே 40 மீட்டருக்கு வருகிறது, மேலே 160-க்குப் போகிறது. உயரம் கூடக் கூடக் காற்றின் வேகமும் கூடும். அதற்குச் சமவெளிக்கு வழக்கமாக எடுக்கும் ஏழில் ஒன்று அடுக்குப்படி, கீழே காற்று நொடிக்கு 8 மீட்டர் என்றால் மேலே 9.75. ஐந்து நொடிக்கு ஒரு தடவை அந்த நுனி இந்த இரண்டு காற்றுக்குள்ளும் போய் வருகிறது. கோபுரத்துக்கு முன்னால் வரும்போது காற்று தடைபட்டு ஒரு கணம் சுமை தளர்கிறது, பக்கத்துக் காற்றாலையின் கலங்கல் ஒரு ஓரத்தில் மட்டும் வந்து மோதுகிறது. ஜெனரேட்டருக்குச் சராசரி போதும். இறக்கையின் அடிவேரில் இருக்கிற போல்ட்டுக்குப் போதாது, அது வித்தியாசத்தை வாங்கிக்கொண்டு நிற்கிறது.

உங்கள் கடிதம் வந்த வாரத்தில்தான் என் அப்பாவின் டிரங்குப் பெட்டியைக் காலி செய்தேன். அப்பா ஹெச்ஏஎல் விமான ஆலையில் ஹெலிகாப்டர் பக்கம் மெக்கானிக்காக இருந்தார், சேத்தக் பிரிவில். அதற்கும் மூன்று இறக்கைதான். பெட்டியின் அடியில், வேட்டிகளுக்குக் கீழே, முழ நீளத்துக்கு ஒரு கேன்வாஸ் துணி. அதில் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று மூன்று கீற்று. சிவப்பும் நீலமும் ஒன்றின் மேல் ஒன்று, மஞ்சள் மட்டும் ஒரு விரற்கடை மேலே. இறக்கை நுனிகளில் ஆளுக்கொரு நிறத்தில் சாக்பீஸைத் தடவி, ஹெலிகாப்டரைத் தரையிலேயே ஓடவிட்டு, கம்பில் கட்டிய துணியை நிமிர்த்தி மெல்ல மெல்ல நுனிப்பக்கம் சாய்ப்பார்கள். டக் டக் டக்கென்று மூன்றும் தொட்டுப் போகும். எந்த நிறம் விலகியிருக்கிறதோ அந்த இறக்கையின் கோணத்தை மாற்றும் கம்பியான பிட்ச் ராடைக் கொஞ்சம் திருகிவிட்டு மறுபடி ஓட்டுவார்கள். ‘மூணும் ஒண்ணு மாதிரிதான் செஞ்சது, ஆனா மூணும் ஒண்ணு இல்ல’ என்பார் அப்பா. அந்தத் துணியை எதற்காக வைத்திருந்தார் என்று கேட்க இப்போது ஆள் இல்லை.

அது தரையில் செய்கிற சரிபார்ப்பு, நீங்கள் செய்வது ஓடும்போது செய்வது, இரண்டும் ஒன்றில்லை, தெரியும். ஆனால் பறக்கும்போது ஹெலிகாப்டரும் நீங்கள் செய்வதைத்தான் செய்கிறது. முன்னே போகும்போது எதிர்வரும் பக்கத்து இறக்கைக்குக் காற்று அதிகம், பின்வாங்கும் பக்கத்துக்குக் குறைவு, அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் இறக்கையின் கோணம் கூடிக் குறைகிறது. அங்கே யாரும் ‘எல்லா இறக்கைக்கும் ஒரே கோணம் போதுமே’ என்று கேட்பதில்லை. நீங்கள் மூன்று இறக்கைகளின் அளவீட்டை மேல்-கீழ், இடம்-வலம் என்று இரண்டாக மாற்றிக்கொள்கிறீர்களே, அந்தக் கோல்மன் மாற்றமும் 1940-களில் அமெரிக்காவின் விமான ஆராய்ச்சி அமைப்பான நாகாவில் (NACA) ஹெலிகாப்டர் அதிர்வைப் பற்றி யோசித்தவரிடமிருந்து வந்ததுதான். காற்றாலைக் கட்டுப்பாட்டு ஆய்வாளர் போசாஞி காற்றாலைக்கு அதைக் கையாண்டு கட்டுரை எழுதியது 2003-ல். உங்கள் அலுவலகத்திலிருந்து பஸ் ஏறினால் சீக்கிரம் வந்துவிடும், ஹெச்ஏஎல் இருக்கிற விமானபுராவில் இதைக் கையால் தொட்டுப் பார்த்த மனிதர்கள் ஓய்வுபெற்று உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவரிடமாவது போய்ப் பேசினீர்களா? எட்டு மாதமாகத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் 10 என்பது வெறும் 10-ஆகத்தான் தெரியும்.

மேலாளர் சொன்ன பேரிங் விஷயம் பொய்யில்லை. இரண்டு மூன்று டிகிரி இப்படியும் அப்படியும் ஓயாமல் ஆடினால் கிரீஸ் பரவாது, குண்டுகள் ஓடும் தடம் அரிக்கும். அதற்காகத்தான் காற்று பலமாக இருக்கும்போது மட்டும் இயங்கவிடுகிற நடுவழி இருக்கிறது. எத்தனை மணி நேரம் இயக்கினால் இறக்கைக்கு எவ்வளவு லாபம், பேரிங்குக்கு எவ்வளவு நஷ்டம் என்று ஒரே தாளில் எழுதி அவர் முன்னால் வைத்தீர்களா? கடிதத்தில் அந்தத் தாளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதைப் போட்டு முடித்துவிட்டு, வேலையை விடுவதென்றால் விடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முருகேஷ்பாளையாவில் வீட்டில்தான் இருப்பேன். வாருங்கள், துணியைக் காட்டுகிறேன். வரும்போது அந்தத் தாளையும் எடுத்து வாருங்கள், தம்பி.