‘ஸ்கார்’ என்றால் உடம்பில் இருக்கும் தழும்பு மட்டும்தானா?

‘ஸ்கார்’ (scar) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தழும்பு என்று பொருள் என்றால், மனத்தில் பட்டதற்கும் ஏன் அதே சொல், தமிழில் அதை எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். உடம்பிலிருந்தே தொடங்குகிறேன். அது புரிந்தால் மற்றதும் புரிந்துவிடும்.

என் இடது முன்கையில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு ஒன்று இருக்கிறது. பத்து வயதில் பட்டது, கட்டைவிரல் அகலம். வெயிலில் நடந்து வந்தால் கையெல்லாம் வேர்த்துவிடும், அந்த இடம் மட்டும் உலர்ந்தே கிடக்கும். அங்கே ஒரு முடிகூட முளைத்ததில்லை. ஆழமாகக் காயம் பட்டால் உடம்பு பழைய தோலை அப்படியே திருப்பிச் செய்வதில்லை. கொலாஜன் என்ற புரத இழைகளைக் கொண்டு ஓட்டையை அடைக்கிறது, அவ்வளவுதான். நல்ல தோலில் இந்த இழைகள் கூடை முடைந்த மாதிரி குறுக்கும் நெடுக்குமாக ஓடும். தழும்பிலோ பெரும்பாலும் ஒரே பக்கமாகப் படிந்து கிடக்கும். மயிர்க்கால்களும் வேர்வைச் சுரப்பிகளும் அங்கே திரும்புவதில்லை. நன்றாக ஆறிய பிறகும் பழைய தோலின் வலுவில் ஏறக்குறைய 80 சதவீதம்தான் கிடைக்கும்.

ஆக, தழும்பு வேறு, காயம் வேறு. காயம் மூடிய இடத்தில் வந்து உட்காரும் வேறொரு பொருள்தான் தழும்பு. ஆங்கிலத்தில் இலை உதிர்ந்த காம்படியில் தண்டில் தெரியும் அடையாளத்தையும் ‘லீஃப் ஸ்கார்’ என்கிறார்கள். அங்கும் இதே கருத்துதான்.

சொல்லின் பிறப்பைத் தேடிப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பிரெஞ்சு, லத்தீன் வழியாகப் பின்னால் போனால் கிரேக்கத்தின் ‘எஸ்காரா’வில் நிற்கும். எஸ்காரா என்றால் அடுப்பு. அங்கிருந்து சுட்ட புண்ணின் மேல் படியும் பொருக்குக்கும் அந்தப் பெயர் வந்தது. (பாறைச் செங்குத்தைக் குறிக்கும் இன்னொரு ‘ஸ்கார்’ உண்டு. அதற்கு வேர் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

நெருப்பு என்றதும் நமக்கு 129ஆம் குறள்தானே நினைவுக்கு வரும்? தீ சுட்டதை வள்ளுவர் ‘புண்’ என்கிறார், நாக்கு சுட்டதை ‘வடு’ என்கிறார். ஆறிவிடுவதால் அது புண், ஆறாமல் கிடப்பதால் இது வடு என்று பரிமேலழகர் காரணம் காட்டுகிறார். மனத்தில் பட்டதற்கு வடு என்ற சொல் நம்மிடம் எப்போதோ இருந்திருக்கிறது. அதனால் ‘இமோஷனல் ஸ்கார்’ என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு ‘மனக்காயம்’ என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. நேற்று நடந்த அவமானம் காயம். இருபது வருடம் கழித்தும் யாராவது குரலை உயர்த்தினால் கை நடுங்குகிறதே, அது வடு.

‘தழும்பு’ என்ற சொல்லை மனத்துக்கு யோசித்துத்தான் பயன்படுத்த வேண்டும். ‘பட்டுப் பட்டுத் தழும்பேறிப் போச்சு’ என்று சொல்லும்போது இனி உறைக்காது, மரத்துவிட்டது என்ற பொருள் வந்துவிடுகிறது. ஆங்கிலச் சொல்லில் அந்த மரத்துப்போன தன்மை அவ்வளவாக இல்லை, வலியின் மிச்சம்தான் இருக்கிறது. வடுவுக்கும் இன்னொரு முகம் உண்டு: பழைய தமிழில் அது குற்றம், பழி என்ற பொருளிலும் வரும். பாதிக்கப்பட்டவரைப் பற்றி எழுதும்போது ‘அவர் வாழ்வில் ஒரு வடு’ என்று மொட்டையாக விட்டால், தவறு அவருடையது போலத் தொனிக்கக்கூடும். ‘அந்தச் சம்பவம் விட்டுப்போன வடு’ என்று எழுதினால் அந்தச் சிக்கல் இல்லை.

அப்புறம், ஆறிய தழும்பு அப்படியே இருந்துவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 1740களில் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜார்ஜ் ஆன்சன் தலைமையில் உலகைச் சுற்றிய கப்பல் பயணத்தில், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் மாலுமிகளை வாரிக்கொண்டு போனது. 1690இல் அயர்லாந்தில் நடந்த பாய்ன் போரில் காயம்பட்டு ஆறிப்போயிருந்த ஒருவருக்கு, ஐம்பது ஆண்டு கழித்து அந்தப் பழைய காயங்கள் திறந்துகொண்டதாக அந்தப் பயணக் குறிப்பு சொல்கிறது. கொலாஜனை உருவாக்க வைட்டமின் சி வேண்டும். தழும்பில் பழைய இழை கரைவதும் புதிய இழை சேர்வதும் உள்ளே ஓயாமல் நடந்துகொண்டே இருக்கிறது. வைட்டமின் சி இல்லாமல் போனால் கரைவது மட்டும்தான் நடக்கும். ‘அதெல்லாம் பழைய கதை, இன்னுமா?’ என்று யாரிடமாவது கேட்க வாயெடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மாலுமியின் நினைவு வந்துவிடுகிறது.