கோய் மீன்கள் உறைபனியில் பிழைக்குமா? தண்ணீரைச் சூடாக்க வேண்டுமா?

மதுரையில் தொட்டியில் கோய் மீன் வளர்க்கும் நீங்கள், கொடைக்கானலில் கட்டும் வீட்டிலும் ஒரு குளம் அமைக்க எண்ணியிருப்பதாகவும், கனடாவில் இருக்கும் உங்கள் அண்ணனுக்கும் அதே ஆசை வந்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். குளிர்காலத்தில் இம்மீன்கள் பிழைக்குமா, ஹீட்டர் போட்டுத் தண்ணீரைச் சூடாக்கியே தீர வேண்டுமா என்பது உங்கள் கேள்வி. தற்செயலாக, இந்த மூன்று இடத்துக் குளிரையும் குளத்தோரம் நின்று பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. மதுரை திருநகரில் எங்கள் வீட்டுப் பின்புறத்தில் ஏறக்குறைய 12,000 லிட்டர் கொள்ளும் சிமெண்டுத் தொட்டி 11 ஆண்டுகளாக இருக்கிறது. கொடைக்கானலில் மைத்துனர் வீட்டுக் குளத்தைக் கவனிக்கும் பொறுப்பும் என் தலையில்தான் விழுந்தது. மகள் குடியிருக்கும் ஒண்டாரியோவில் ஒரு குளிர்காலம் முழுவதும் தங்கியிருந்தபோது அவள் வீட்டுக் குளம் உறைந்து கிடந்ததையும் பார்த்தேன்.

பிழைக்கும் என்பதே முதல் பதில். கோய் என்பது வண்ணத்துக்காக ஜப்பானியர் தேர்ந்தெடுத்து வளர்த்தெடுத்த கெண்டைதான். அதன் உடம்பு குளிர்நாட்டுக் கெண்டையின் உடம்பு. நம் மீன்துறையினர் சாதாக் கெண்டை என்று சொல்லும் நெருங்கிய உறவுமீன் 1939இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்து சேர்ந்தது. புல்லின்மேல் உறைபனி வெள்ளையாகப் படியும் அந்த மலையில், யாரும் ஹீட்டர் போடாமலேயே அது நிலைத்துப் பெருகிவிட்டது. எனவே குளிரை மட்டும் எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. தண்ணீரின் வெப்பம் ஒரே நாளில் ஏறி இறங்குவதும், குளிர்ந்த வயிற்றுக்குள் தீனி போவதும், பனி மூடிய குளத்தில் கெட்ட வாயு தங்குவதும்தான் மீன்களைக் கொல்கின்றன. இம்மூன்றில் எது உங்கள் ஊரில் நடக்கக்கூடியது என்று பார்த்து வேலை செய்ய வேண்டும்.

மதுரையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பொற்றாமரைக் குளத்தில் மீனே இராதபடி நாரைக்கு இறைவன் வரம் கொடுத்ததாகத் திருவிளையாடல் கதை சொல்லும் இந்த ஊரில், மீன் வளர்ப்பவனுக்கு எதிரி மார்கழி அல்ல, சித்திரைதான். மார்கழி விடியலில்கூட என் தொட்டித் தண்ணீர் 21 டிகிரிக்குக் கீழே போனதாக நினைவில்லை. அது கோய்க்கு மிகவும் உகந்த வெப்பம். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பெய்து தண்ணீர் சட்டென்று குளிரும் நாள்களில் வெள்ளைப் புள்ளி நோய் தலைகாட்டலாம் என்பதால், துடுப்புகளில் உப்புத் தூள் தூவியது போன்ற புள்ளிகள் தெரிகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மொட்டைமாடியிலிருந்து வரும் மழைநீர்க் குழாயின் தண்ணீர் தொட்டிக்குள் விழாதபடி திருப்பி விடுங்கள். அவ்வளவு போதும்.

கொடைக்கானல் வேறு கதை. மதுரையிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர்தான் என்றாலும், கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த ஊரில் மார்கழி, தை மாத இரவுகளில் புல்வெளி உறையும்; மறுநாள் பகலிலோ முதுகைச் சுடும் வெயில் அடிக்கும். ஒருமுறையாவது அங்கே இரவு தங்கியவர்களுக்கு இது தெரியும். மைத்துனர் கட்டியிருந்த குளம் அழகுக்காகக் கட்டியது: ஒன்றரை அடி ஆழம், சுற்றிலும் கருங்கல், மேலிருந்து விழும் ஒரு சிறு அருவி. முதல் குளிர்காலத்தில் நான் அங்கே தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தபோது காலை 7 மணிக்கு 9 டிகிரியும், பிற்பகல் 3 மணிக்கு 14 டிகிரியும் காட்டியது. ஆழமில்லாத தண்ணீர் சூட்டையும் வைத்துக்கொள்ளாது, குளிரையும் தாங்காது.

அந்த ஆண்டில்தான் 9 மீன்களில் 4 இறந்தன. தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரைக் குறை சொல்ல முடியாது. ஒரு நாளைக்கு இரண்டு வேளை தீனி போடுங்கள் என்று மதுரைக் கணக்கிலேயே சொல்லிவிட்டு வந்தவன் நான். நண்பகல் வெயிலில் தண்ணீர் சற்றுச் சூடேறியதும் மீன்கள் மேலே வரும். “வாயத் தொறந்துக்கிட்டு நிக்குதுங்கய்யா, பாக்கவே பாவமா இருக்கு” என்று போனில் சொன்னார் அவர். ஒரு கை கூடுதலாகவே போட்டிருப்பார். ஆனால் மீனுக்கு நம்மைப் போல் உடம்புக்குள் சொந்தச் சூடு கிடையாது. தண்ணீரின் வெப்பம்தான் அதன் உடம்பின் வெப்பம். பகலில் விழுங்கிய தீனி செரிப்பதற்குள் இரவு வந்து தண்ணீர் 9 டிகிரிக்கு இறங்கிவிட்டால், செரிமானம் ஏறக்குறைய நின்றுபோய், தீனி குடலிலேயே கெட்டுப்போகிறது. மீதி தீனி அடியில் அழுகி அம்மோனியாவாக மாறுகிறது. அதை மாற்றியமைக்க வேண்டிய பில்டர் பாக்டீரியாக்களும் குளிரில் மந்தமாகிவிடுகின்றன. குளிர் தாங்காமல் செத்துவிட்டன என்றுதான் வீட்டில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். இறந்த மீன்களின் உப்பிய வயிறும், அம்மோனியாச் சோதனைச் சொட்டில் குளத்துத் தண்ணீர் காட்டிய அடர்ந்த பச்சையும் வேறு காரணத்தைச் சொல்லின.

அதன்பிறகு நாங்கள் கடைப்பிடிக்கும் கணக்கு இது. மதியத்து வெப்பத்தைப் பார்க்கவே கூடாது. விடியற்காலைத் தண்ணீரைத்தான் பார்க்க வேண்டும். விடியலில் 15 டிகிரிக்கு மேல் இருந்தால் வழக்கமான தீனி. 10க்கும் 15க்கும் இடையில் இருந்தால், புரதம் குறைந்த, கோதுமை முளை சேர்த்த தீவனம், அதுவும் இரண்டு நாளுக்கு ஒருமுறை, காலை 11 மணி வாக்கில், சில நிமிடங்களில் தின்று தீர்க்கும் அளவு மட்டும். 10க்குக் கீழே இறங்கினால் ஒன்றுமே போடக்கூடாது. வந்தவர்களை எல்லாம் “சாப்பிட்டீங்களா” என்று கேட்டுப் பழகிய நமக்கு இதுதான் இருப்பதிலேயே கடினமான வேலை. பெரியவர் இன்றும் இதை முழு மனத்தோடு ஏற்கவில்லை. தீவன டப்பாவை மைத்துனர் அலமாரிக்குள் பூட்டி வைத்திருக்கிறார். புரட்டாசி, ஐப்பசியில் நன்றாகத் தின்று உடம்பில் கொழுப்புச் சேர்த்த பெரிய மீனுக்குச் சில வாரப் பட்டினி ஒரு பொருட்டே அல்ல.

குளத்தையும் மாற்றினோம். தோண்டி நாலரை அடி ஆழமாக்கி, சுவரைச் சரிவாக விடாமல் நேராக இறக்கினோம். இப்போது காலைக்கும் மாலைக்கும் உள்ள வேறுபாடு 2 டிகிரிக்கு மேல் போவதில்லை. அருவியின் மோட்டாருக்கு டைமர் வைத்து, காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை மட்டும் ஓடவிடுகிறோம். இரவுக் காற்றில் மெல்லிய தகடாக விழும் தண்ணீர் குளம் முழுவதையும் குளிர்விக்கும் இயந்திரமாகிவிடுகிறது. பில்டரின் மோட்டாரை மட்டும் நிறுத்தக்கூடாது, ஏனெனில் பில்டரில் வாழும் பாக்டீரியாக்களுக்கு ஓடும் தண்ணீரிலிருந்துதான் ஆக்சிஜன் வர வேண்டும். காற்று வீசும் பக்கத்தில் இரும்புக் குழாய்ச் சட்டம் நட்டு, இரவில் அதன்மேல் பாலிதீன் விரிக்கிறோம். ஹீட்டர் வாங்கவில்லை. நீங்கள் புதிதாகக் கட்டுவதால் ஆழத்துக்கு மட்டும் பணம் செலவழியுங்கள். மற்றவற்றைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

மின்தடையைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். 10 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு ஏறக்குறைய 11 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் அது ஏழரைதான். மீனும் குளிரில் மூச்சைக் குறைத்துக்கொள்கிறது. அதனால் கொடைக்கானலில் சில மணிநேரம் கரண்ட் போனால் நான் கவலைப்படுவதில்லை. மதுரையில் மே மாதத்தில் ஒரு மணிநேரம் போனாலே எழுந்து இன்வெர்ட்டரைப் பார்க்கப் போய்விடுவேன்.

இனி உங்கள் அண்ணனுக்கு. தண்ணீர் 4 டிகிரியில்தான் மிகவும் அடர்த்தியாக, அதாவது கனமாக இருக்கும். அதைவிடக் குளிர்ந்த தண்ணீர் இலேசாகி மேலே வந்து பனிக்கட்டியாகிறது, பனிக்கட்டியும் மிதக்கிறது. மேலே ஆள் நடக்கும் அளவு உறைந்திருந்தாலும், போதிய ஆழமுள்ள குளத்தின் அடியில் 4 டிகிரியை ஒட்டிய தண்ணீர் தங்கியிருக்கும். மீன்கள் அங்கே துடுப்பை மடக்கிக்கொண்டு, ஒன்றையொன்று ஒட்டி, அசையாமல் கிடக்கும். அந்த அடித்தண்ணீர்தான் அவற்றின் கம்பளி. ஆகவே அந்த ஊரில் நான்கு அடிக்குக் குறைந்த குளம் வேண்டாம்; ஐந்து அடி இன்னும் நல்லது. மகள் வீட்டுக் குளம் ஐந்து அடி.

அந்த அடித்தண்ணீரைக் கலக்கிவிடக் கூடாது என்பது அங்கே போன பிறகுதான் எனக்குப் புரிந்தது. கோடையில் ஏர் பம்பின் காற்றுக்கல்லை, அதாவது குமிழி விடும் கல்லை, அடியில் போடுவது நம் வழக்கம். உறையும் காலத்தில் அப்படிப் போட்டால், குமிழிகள் அடித்தண்ணீரை மேலே இழுத்து, மேலே உள்ள சில்லிட்ட தண்ணீரோடு கலந்து, குளம் முழுவதையும் 4 டிகிரிக்கும் கீழே கொண்டுபோய்விடும். கல்லை மேற்பரப்பிலிருந்து ஓரடி ஆழத்தில் தொங்கவிட்டால், மேலே பனிக்கட்டியில் உள்ள துளையும் மூடாமல் இருக்கும், அடியும் கலங்காது.

துளை எதற்கு என்றால், அடியில் அழுகும் இலையும் கழிவும் கார்பன் டையாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு போன்ற வாயுக்களை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். பனிக்கட்டி மூடிபோட்டுவிட்டால் அவை வெளியேற வழியில்லை, ஆக்சிஜன் உள்ளே வரவும் வழியில்லை. பனிக்கட்டியின்மேல் பனியும் குவிந்து வெளிச்சத்தை மறைத்தால், உள்ளே இருக்கும் பாசி தரும் கொஞ்ச ஆக்சிஜனும் நின்றுவிடும். இதனால்தான் இலை உதிரத் தொடங்கும் அக்டோபருக்கு முன்பே குளத்தின்மேல் வலை கட்டி, அடியில் கிடக்கும் குப்பையை அள்ளிவிட வேண்டும். இதைச் செய்யாமல் ஹீட்டருக்குச் செலவழிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. துளையைக் காக்க மிதக்கும் ஹீட்டர்கள் அங்கே கடைகளில் கிடைக்கின்றன. அவை தம்மைச் சுற்றி ஒரு வட்டத்தை உறையாமல் வைத்திருக்குமே தவிர, குளத்தைச் சூடாக்குவதற்கு உரியவை அல்ல. சூடாக்கவும் கூடாது. நடுக்குளிரில் மீனை விழிக்க வைத்துவிட்டு, ஒருநாள் கரண்ட் போனால் என்ன செய்வது?

தைப்பொங்கல் கழிந்த நான்காம் நாள் மகள் வீட்டில் ஏர் பம்ப் நின்று, துளை மூடிவிட்டது. நான் பின்கட்டிலிருந்து கடப்பாரை போன்ற ஓர் இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். “மாமா, இடிக்காதீங்க, அந்த அதிர்ச்சி மீனுக்குத்தான் போகும்” என்று மாப்பிள்ளை ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். அவர் சொன்னது சரி. தண்ணீரில் அதிர்வு வேகமாகவும் வலுவாகவும் பரவும். அசையாமல் கிடக்கும் மீனின் காற்றுப்பையையும் உடம்பின் பக்கவாட்டில் அதிர்வை உணரும் பக்கக் கோட்டையும் அது தாக்கும். பொங்கல் வைத்த எவர்சில்வர் பானையிலேயே கொதிநீர் நிரப்பிப் பனிக்கட்டியின்மேல் வைத்தோம். ஆறியதும் மறுபடி நிரப்பினோம். நான்கு அங்குலத் தடிப்பு மூன்றாம் பானையில் வட்டமாகக் கழன்று வந்தது. கொதிநீரை நேராகக் குளத்தில் ஊற்றக் கூடாது.

உப்பைப் போட்டால் உறையாதே என்று இங்கிருந்து சிலர் யோசனை சொன்னார்கள். நூற்றுக்கு மூன்றரைப் பங்கு உப்புள்ள கடல்நீரே சுழியத்துக்கு 2 டிகிரி கீழே போனால் உறைந்துவிடும். அந்த உப்பில் கோய் உயிரோடு இராது.

அருவியை அங்கே முழுவதுமாக நிறுத்தி, குழாய்களில் உள்ள தண்ணீரை வடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் குழாய் வெடிக்கும். அருவியில் ஆங்காங்கே உறையும் கட்டிகள் அணைபோல் நின்று தண்ணீரை வெளியே திருப்பிவிட, ஒரே இரவில் குளம் பாதி வற்றிப்போவதும் உண்டு. விரல் நீளக் குஞ்சுகளுக்குக் கொழுப்புச் சேமிப்பு போதாது. அவற்றைத் தண்ணீர் 12, 13 டிகிரியில் இருக்கும்போதே வீட்டுக்குள் தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும். கோய் பிறந்த ஜப்பானின் நீகாட்டா மலைக்கிராமங்களில்கூட, வளர்ப்பவர்கள் இலையுதிர் காலத்திலேயே மண்குளங்களிலிருந்து மீன்களைப் பிடித்துக் கூரையுள்ள தொட்டிகளுக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள்.

பனி உருகியதும் கவலை தீர்ந்தது என்று அண்ணன் எண்ணிவிட வேண்டாம். ஏப்ரலில் தண்ணீர் 5 டிகிரியைத் தாண்டும்போது நோய்க்கிருமிகளும் ஒட்டுண்ணிகளும் முதலில் விழித்துக்கொள்கின்றன. மீனின் எதிர்ப்புச் சக்தி அதற்குப் பின்னால்தான் மெதுவாக வரும். செதிலில் புண்ணும் துடுப்பில் சிவப்பும் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் தோன்றுகின்றன. அந்த வாரங்களில் மீனைப் பிடித்து அலைக்கழிக்காமல், பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும் வாரம் ஒருமுறை குளோரின் நீக்கி மாற்றி, விடியல் வெப்பம் ஒரு வாரம் தொடர்ந்து 10 டிகிரிக்கு மேல் நின்ற பிறகு கோதுமை முளைத் தீவனத்தை ஒரு சிட்டிகை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தின்னாமல் விட்டால் வலையால் அள்ளி எடுத்துவிட்டு, இன்னும் மூன்று நாள் பொறுக்கலாம்.