பார்மட் அடிக்கும் முன்: பாஸ்வேர்ட் மறந்தவர்களுக்குச் சில பதில்கள்

அட்மின் பாஸ்வேர்டைத் தொலைத்தவர்களின் கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். எல்லோருக்கும் பொதுவாக ஒன்று: பூட்டியிருப்பது அக்கவுன்டா, டிஸ்க்கா என்று முதலில் பாருங்கள். அக்கவுன்ட் பாஸ்வேர்ட் வெறும் தாழ்ப்பாள்தான். டிஸ்க் முழுக்க என்கிரிப்ட் ஆகியிருந்தால், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டிருந்தால், கதையே வேறு.

கேள்வி: நான் போடும் பாஸ்வேர்ட் சரிதான். ஆனாலும் தவறு என்கிறது. யாராவது மாற்றியிருப்பார்களா?

மாற்றியவரைத் தேடும் முன் திரையின் கீழ் வலது மூலையைப் பாருங்கள். அங்கே தமிழ் விசைப்பலகை தேர்வாகியிருந்தால் நீங்கள் தட்டுவது ஒன்று, உள்ளே விழுவது வேறொன்று. கட்டத்தின் ஓரத்தில் உள்ள கண் படத்தை அழுத்திப் பிடித்தால் தெரிந்துவிடும். கேப்ஸ் லாக்கையும் பாருங்கள். கோபத்தில் தட்டிக்கொண்டே இருக்க வேண்டாம். புதிதாக நிறுவிய விண்டோஸ் 11-இல் 10 முறை தவறினால் 10 நிமிடம் அக்கவுன்ட் பூட்டிக்கொள்ளும்.

கேள்வி: விண்டோஸ் 11 லேப்டாப். நான் ஒருத்திதான் அட்மின். பாஸ்வேர்ட் சுத்தமாக மறந்துவிட்டது.

மின்னஞ்சல் முகவரியோடு நுழையும் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் என்றால் கவலை வேண்டாம். போனில் மைக்ரோசாஃப்ட் தளத்துக்குப் போய்ப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பதிவு செய்த மொபைலுக்கோ மாற்று மின்னஞ்சலுக்கோ குறியீடு வரும். அப்புறம் லேப்டாப்பை வைஃபையில் இணைத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். இணைக்காமல் போட்டால் அதற்குப் பழைய பாஸ்வேர்ட் மட்டும்தான் தெரியும்.

லோக்கல் அக்கவுன்ட் (அந்தக் கம்ப்யூட்டரில் மட்டும் இருப்பது) என்றால் வேண்டுமென்றே ஒரு முறை தவறாகப் போடுங்கள். கீழே ரீசெட் இணைப்பு வந்தால், அக்கவுன்ட் தொடங்கிய அன்று நீங்கள் பதில் கொடுத்த மூன்று பாதுகாப்புக் கேள்விகளை அது கேட்கும். பென்டிரைவில் முன்கூட்டியே ரீசெட் டிஸ்க் செய்து வைத்திருந்தால் அதுவும் வேலை செய்யும். (செய்து வைத்தவர்கள் அபூர்வம்.) இரண்டும் இல்லையென்றால் விண்டோஸையே ரீசெட் செய்ய வேண்டியதுதான்; ஃபைல்கள் போய்விடும். அதற்கு முன் கீழே நான்காவது பதிலைப் படித்து அவற்றை வெளியே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: அதே கம்ப்யூட்டரில் என் மனைவிக்கும் அட்மின் அக்கவுன்ட் உண்டு. அதிலிருந்து என் பாஸ்வேர்டை மாற்றலாமா?

லோக்கல் அக்கவுன்ட் என்றால் தாராளமாக. கன்ட்ரோல் பேனலில் இரண்டு நிமிட வேலை. ஆனால் விண்டோஸ் சேமித்து வைத்திருக்கும் பாஸ்வேர்ட்களும், நீங்களே என்கிரிப்ட் செய்த ஃபைல்களும் பழைய பாஸ்வேர்டை நம்பித்தான் திறக்கும். பழையதைச் சொல்லாமல் மாற்றினால் அவை கைவிட்டுப் போகும். சாதாரணப் படங்கள், எக்செல் ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகாது.

கேள்வி: அப்பா தவறிவிட்டார். அவர் லேப்டாப்பில்தான் குடும்பப் படங்கள், வீட்டுப் பத்திர ஸ்கேன் எல்லாம். பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாது. கடையில் பார்மட் அடித்தால்தான் திறக்கும் என்கிறார்கள்.

கொடுக்காதீர்கள். கடைக்காரர் திறக்கப்போவது லேப்டாப்பை மட்டும்தான். உங்களுக்கு வேண்டியது உள்ளே இருப்பது.

வேறொரு கம்ப்யூட்டரில், விண்டோஸுக்குப் பதிலாக ஓடக்கூடிய உபுண்டு போன்ற லினக்ஸை இலவசமாக இறக்கி ஒரு பென்டிரைவில் ஏற்றிக்கொள்ளுங்கள். லேப்டாப்பில் அதைச் செருகி, ஆன் செய்தவுடன் பூட் மெனு (எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பட்டியல்) விசையைத் தட்டுங்கள். டெல், லெனோவா என்றால் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பி என்றால் எஃப்9. பென்டிரைவைத் தேர்ந்தெடுத்து, நிறுவாமல் முயன்று பார்க்கும் வழியில் போங்கள். இன்ஸ்டால் பொத்தானை மட்டும் தொட்டுவிடாதீர்கள். விண்டோஸ் இருக்கும் டிரைவைத் திறந்து, யூசர்ஸ் ஃபோல்டரில் அப்பா பெயரில் உள்ளதை அப்படியே வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு காப்பி செய்யுங்கள். விண்டோஸ் பாஸ்வேர்ட் இங்கே குறுக்கே வராது.

டிரைவைத் திறக்கும்போதே சாவி கேட்டால், டிஸ்க்கை என்கிரிப்ட் செய்யும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் போட்டிருக்கிறது. அதற்கு 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் வைத்திருந்தவர் என்றால் சாவி பெரும்பாலும் அதில் சேமிப்பாகியிருக்கும். உள்ளே போக ஓடிபி வருவது அவருடைய போன் நம்பருக்கு. அதனால் அந்த சிம்மை ரத்து செய்துவிடாமல் ரீசார்ஜ் போட்டு வைத்திருங்கள். மீட்புச் சாவியைப் பீரோவில், டைரியின் பின்பக்கத்தில் தேடுங்கள். சிலர் பிரிண்ட் எடுத்து வைப்பார்கள். சாவி கிடைக்கவே இல்லை என்றால் திறக்க வழியில்லை. திறந்து தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரை நம்பாதீர்கள்.

கேள்வி: செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கினேன். விண்டோஸ் வருவதற்கு முன்பே பாஸ்வேர்ட் கேட்கிறது. பேட்டரியைக் கழற்றினால் போகுமா?

அது பயாஸ் பாஸ்வேர்ட். பயாஸ் என்பது விண்டோஸுக்கு முன்பே ஓடும், மதர்போர்டிலேயே உள்ள மென்பொருள். பழைய டெஸ்க்டாப்பில் மதர்போர்டில் உள்ள காசு வடிவ பேட்டரியைக் கழற்றி மாட்டினால் போய்விடும். லேப்டாப்பில் பெரும்பாலும் போகாது. மின்சாரம் இல்லாமலே நினைவில் வைக்கும் சிப்பில் அது இருக்கும். தயாரித்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் உதவும், ஆனால் வாங்கிய பில் கேட்பார்கள். உங்களிடம் பில் இல்லையென்றால் விற்றவரிடமே கொண்டுபோய்க் கொடுத்துப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். ஏதோ கம்பெனியின் சொத்தாக இருக்கவும் வாய்ப்பு உண்டு.