சுங்கை சிப்புட் ஜவுளிக் கடைக்கு வானொலி விளம்பரம் தேவையா?

கேள்வி: நான் சுங்கை சிப்புட்டில் ஜவுளிக் கடை நடத்துகிறேன். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும், தோட்டத்தை விட்டு வெளியேறித் தாமான் வீடுகளில் குடியேறிய குடும்பங்களிலிருந்துமே எனக்கு வாடிக்கையாளர்கள் வருகிறார்கள். இந்தத் தீபாவளிக்கு வானொலியில் விளம்பரம் கொடுக்க நினைத்து முகவர் ஒருவரை விசாரித்தேன். அவர் பல மொழி நிலையங்களையும் ஒன்றாகச் சேர்த்த தொகுப்பு ஒன்றைக் காட்டினார். விலை என் ஆறு மாதக் கடை வாடகையைத் தொட்டது. பல்கலைக்கழகத்தில் பொருளியல் படிக்கும் என் மகனோ, அமெரிக்காவில் சில பெருநிறுவனங்கள் நிலையங்களை வாங்கிக் குவித்து ஊர் வானொலியை அழித்துவிட்டன என்றும், இங்கும் அதே கதைதான் என்றும், ஒரு காசுகூடக் கொடுக்கக் கூடாது என்றும் வாதிடுகிறான். ஒரே நிறுவனம் பல நிலையங்களை வைத்திருப்பது சட்டப்படி சரியா? அதனால் நமக்குக் கேடு உண்டா? நான் விளம்பரம் கொடுக்கலாமா, வேண்டாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பேராக்

பதில்: ஐயா, உங்கள் மகன் அமெரிக்காவைப் பற்றிச் சொல்வது பெரும்பாலும் சரி. "இங்கும் அதே கதைதான்" என்பதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை, ஏனென்றால் அமெரிக்கச் சிற்றூர்கள் இழந்ததை நம் ஊர்கள் ஒருபோதும் பெற்றிருக்கவில்லை. இந்த வேறுபாடு உங்கள் விளம்பரச் செலவையும் நேரடியாகத் தொடுவதால், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1996ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் வரும்வரை அமெரிக்காவில் ஒரு நிறுவனம் நாடு முழுவதிலும் பண்பலையில் 20, மத்திய அலையில் 20 என 40 நிலையங்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அந்த உச்சவரம்பை அச்சட்டம் முற்றாக நீக்கிவிட்டு, ஊர்ச் சந்தைகளுக்கு மட்டும் வரம்பு வைத்தது: 45 அல்லது அதற்கு மேற்பட்ட வணிக நிலையங்கள் உள்ள சந்தையில் ஒருவருக்கு 8 வரை, 14 அல்லது அதற்குக் குறைவாக உள்ள சந்தையில் 5 வரை. அதுவரை ஏறத்தாழ 40 நிலையங்களை வைத்திருந்த கிளியர் சேனல் நிறுவனம் சில ஆண்டுகளிலேயே 1,200ஐத் தாண்டியது. நிலையத்துக்கு நிலையம் அறிவிப்பாளர் தேவைப்படவில்லை; ஓர் ஊரில் இருந்துகொண்டு பல ஊர்களுக்கான பேச்சை ஒலிப்பதிவு செய்து, அந்தந்த ஊரிலிருந்தே பேசுவது போல ஒலிபரப்பும் முறை பரவியது.

இதன் விளைவுக்கு எல்லோரும் காட்டும் எடுத்துக்காட்டு வட டகோட்டா மாநிலத்தின் மைனாட் நகரம். 2002 ஜனவரி 18 அன்று, நள்ளிரவு கடந்த வேளையில், நீரற்ற அமோனியா ஏற்றிவந்த சரக்கு ரயில் அவ்வூருக்கு அருகில் தடம் புரண்டு, நச்சு வாயு ஊர்மேல் பரவியது; ஒருவர் உயிரிழந்தார். மக்களை எச்சரிக்க வேண்டிக் காவல் துறையினர் வானொலி நிலையத்தைத் தொலைபேசியில் அழைத்தபோது எடுக்க ஆள் கிடைக்கவில்லை என்பது பரவலாகச் சொல்லப்பட்ட குற்றச்சாட்டு. அவசர எச்சரிக்கைக் கருவியை அதிகாரிகள் சரியாகப் பயன்படுத்தியிருந்தால் அழைக்கவே தேவை இருந்திருக்காது என்பது நிலையத்தை வைத்திருந்த கிளியர் சேனலின் மறுமொழி. இரு தரப்பிலும் உண்மை இருக்கலாம். மறுக்க முடியாதது என்னவென்றால், அந்த ஊரின் ஆறு வணிக நிலையங்கள் அந்த ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தன.

சிறிய ஊரில் ஆறு எப்படி ஒருவர் கைக்குப் போனது என்று உங்கள் மகனிடம் கேளுங்கள். பொருளியல் மாணவருக்கு அது நல்ல பாடம். அன்றைய விதி ஊரை எல்லைக்கோடாகக் கொள்ளவில்லை; அலைகள் எட்டும் பரப்புகள் ஒன்றின்மேல் ஒன்று விழுவதைக் கணக்கிட்டு, மைனாட்டுக்கு வெகு தொலைவில் உள்ள நிலையங்களையும் அதே சந்தையின் போட்டியாளர்களாக எண்ணியது. 2003இல் அந்த எண்ணும் முறை மாற்றப்பட்டது. நிலையங்களின் எண்ணிக்கையைக் காட்டிலும் எதைச் சந்தை என்று வரையறுக்கிறோம் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. நம் நாட்டுக்கு வரும்போது இது இன்னும் கூர்மையாகத் தெரியும்.

அதற்கு முன், நிறுவனங்கள் ஒன்றுசேர்வதால் கேட்பவருக்கு எப்போதும் கேடுதான் என்ற எண்ணத்தையும் சற்றுத் தளர்த்த வேண்டும். ஒரே தெருவில் மூன்று உணவுக் கடைகள் மூவருக்குச் சொந்தமாக இருந்தால், கூட்டம் தோசைக்கு வருவதைக் கண்டு மூவரும் தோசையே சுடுவார்கள். மூன்றும் ஒருவருக்கே சொந்தமானால், தன் வாடிக்கையைத் தானே பறித்துக்கொள்ள விரும்பாமல் ஒன்றில் தோசையும், மற்றொன்றில் மீ கோரெங்கும், மூன்றாவதில் நாசி கண்டாரும் வைப்பார். வானொலிக்கு இந்தத் தர்க்கத்தைப் பொருளியலாளர் பீட்டர் ஸ்டைனர் 1952லேயே எழுதினார். 1996க்குப் பிந்தைய அமெரிக்கச் சந்தைகளை ஆராய்ந்து ஸ்டீவன் பெரியும் ஜோயல் வால்ட்ஃபோகெலும் 2001இல் வெளியிட்ட கட்டுரையும், நிலையங்கள் ஒருவர் கைக்குள் வந்தபோது நிகழ்ச்சி வகைகள் பெருகின என்றே முடிவு கண்டது.

ஆனால் வானொலியில் கேட்பவர் பணம் கொடுப்பதில்லை. பணம் கொடுப்பவர் உங்களைப் போன்ற விளம்பரதாரர். கேட்பவருக்கு வகைகள் பெருகிய அதே ஊரில், விளம்பரதாரருக்குப் பேரம் பேச மாற்று ஆள் இல்லாமல் போகலாம். ஒரே இணைப்பு ஒருவருக்கு ஆதாயமாகவும் மற்றவருக்கு நட்டமாகவும் முடியக்கூடும். நீங்கள் காலையில் காரில் பாட்டுக் கேட்பவராகவும், பத்து மணிக்குக் கடை திறப்பவராகவும் இருப்பதால், இரண்டு மனநிலைகளும் உங்களுக்குள்ளேயே மோதுகின்றன என்று நினைக்கிறேன்.

இனி நம் நாடு. தீபகற்பம் முழுவதும் பரவலாகக் கேட்கும் தமிழ்ப் பண்பலைகள் இரண்டு: அரசின் ஆர்டிஎம் நடத்தும் மின்னல், ஆஸ்ட்ரோ குழுமத்தின் ராகா. மின்னலின் வேர் 1946இல் தொடங்கிய ரேடியோ மலாயாவின் தமிழ்ப் பிரிவுவரை செல்கிறது. ராகாவின் வேர் 1994இல் டைம் ஹைவே ரேடியோ என்ற பெயரில் தொடங்கிய தனியார் நிலையம்; அது பின்னர் ஆஸ்ட்ரோவிடம் வந்தது. ஆஸ்ட்ரோ குழுமம் வளர்த்தெடுத்த பதினொரு வானொலிகளை மொழிவாரியாகப் பிரித்துப் பாருங்கள்: மலாயில் எரா, சினார், கெகார், ஸாயான், சீனத்தில் மை, மெலடி, கோஷுவான், ஆங்கிலத்தில் ஹிட்ஸ், மிக்ஸ், லைட், தமிழுக்கு ராகா ஒன்று. ஸ்டைனரின் தர்க்கம் மலாயிலும் சீனத்திலும் ஆங்கிலத்திலும் அச்சுப் பிசகாமல் நடந்திருக்கிறது: இளைஞருக்கு ஒன்று, நடுவயதினருக்கு ஒன்று, பழைய பாட்டுப் பிரியருக்கு ஒன்று. தமிழில் மட்டும் அது முதல் படியிலேயே நின்றுவிட்டது.

இதற்கு யாருடைய தீய எண்ணத்தையும் காரணமாகத் தேட வேண்டியதில்லை. மலேசியக் குடிமக்களில் இந்தியர் ஏறத்தாழ 7 விழுக்காட்டினர். தமிழில் கேட்பவர்கள் அதனினும் குறைவு. ஒரு நிலையத்தின் செலவு கேட்பவர் எத்தனை பேராயினும் பெரிதாக மாறுவதில்லை என்பதால், சிறிய மொழிக்கூட்டத்தில் இரண்டாவது தனியார் நிலையம் முதல் நிலையத்தின் வருவாயைக் கடித்துத்தான் வாழ முடியும். கேட்பவர் தொகை சிறிதானால் தேர்வுகளும் குறையும் என்பதை வால்ட்ஃபோகெல் அமெரிக்கச் சிறுபான்மையினரை வைத்துப் பின்னர் விரிவாகவே எழுதினார்.

ஆகவே மைனாட்டில் ஊர் வானொலிகள் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தன. சுங்கை சிப்புட்டிலோ ஊர்த் தமிழ் வானொலி என்ற ஒன்றே கிடையாது. ஈப்போவுக்கு மேற்கே கிளேடாங் மலைமேல் நிற்கும் கோபுரங்கள் தமிழில் அனுப்புவதும் கோலாலம்பூரில் பேசப்படுவதைத்தான். தோட்டத்துக் கோயில் திருவிழாவும், தமிழ்ப்பள்ளிப் போட்டி விளையாட்டும், வெள்ளத்தால் மூடப்பட்ட சாலையும் நாடு தழுவிய நிகழ்ச்சிக்குள் இடம் பிடித்தால்தான் உண்டு. இது இணைப்பினால் வந்த குறையன்று. தேசிய அளவிலேயே உரிமங்களைத் திட்டமிட்டதனால் வந்த குறை. பெருநிறுவனத்தை நாளையே இரண்டாக உடைத்தாலும் அது தீராது. இதைத்தான் உங்கள் மகன் கவனிக்கத் தவறுகிறார்.

சட்டத்துக்கு வருவோம். இந்தியாவில் தனியார் பண்பலை உரிமத்தின் மூன்றாம் கட்டக் கொள்கை, ஒரு நகரின் அலைவரிசைகளில் 40 விழுக்காட்டுக்கு மேல் ஒருவரிடம் இருக்கக் கூடாது, குறைந்தது மூன்று வெவ்வேறு நடத்துநர்கள் இருக்க வேண்டும், நாடளவில் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது (இந்தக் கடைசி வரம்பு 2022இல் நீக்கப்பட்டது) என்று வெளிப்படையாக எண் வகுத்தது. நம்முடைய 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தில் அப்படி எண் வரம்பு இல்லை. ஒலிபரப்பு உரிமத்தை அமைச்சர் வழங்குகிறார். ஒரே குழுமம் பல உரிமங்களை வைத்திருப்பது தன்னளவில் குற்றமன்று. 2012 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள 2010ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் உங்கள் ஜவுளிக் கடையைக் கட்டுப்படுத்தும். ஆனால் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஒழுங்குபடுத்தப்படும் தொழில்களை அது தன் முதல் அட்டவணையிலேயே விலக்கிவிட்டது. எனவே வானொலி உரிமதாரரின் நடத்தை பற்றிய போட்டிப் புகார் மலேசியப் போட்டி ஆணையத்துக்குப் போகாது. தொடர்பு, பல்லூடக ஆணையமான எம்சிஎம்சியிடம் போகும்.

அந்த 1998ஆம் ஆண்டுச் சட்டம் பல்லில்லாதது என்று நினைத்துவிடாதீர்கள். போட்டியைக் கணிசமாகக் குறைக்கும் நோக்கமுள்ள நடத்தையை 133ஆம் பிரிவு தடுக்கிறது. போட்டியாளர்கள் கூடி விலை நிர்ணயிப்பதையும் சந்தையைப் பங்கிடுவதையும் 135ஆம் பிரிவு தடுக்கிறது. ஒன்றை வாங்க வேண்டுமானால் இன்னொன்றையும் வாங்கியே ஆக வேண்டும் என்று உரிமதாரர் நிபந்தனை விதிப்பதை 136ஆம் பிரிவு தடுக்கிறது. ஓர் உரிமதாரர் சந்தையில் ஆதிக்க நிலையில் இருக்கிறாரா என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை 137ஆம் பிரிவு ஆணையத்துக்குத் தருகிறது. அப்படித் தீர்மானிக்கும்போது, எது சந்தை என்ற மைனாட்டின் கேள்வி திரும்ப எழும்: சவர்க்காரம் விற்கும் தேசிய நிறுவனம் தமிழரை மலாய் நிலையத்தின் வழியாகவும் எட்டலாம் என்பதால், அதற்கு எல்லா மொழி வானொலிகளும் ஒரே சந்தை, பட்டுப்புடவை விற்கும் உங்களுக்கோ தமிழ் நிலையங்கள் மட்டுமே சந்தை. முன்னதன்படி பார்த்தால் போட்டி தாராளம், பின்னதன்படி இருவரே.

உங்களுக்குக் காட்டப்பட்ட தொகுப்புக்கு 136ஆம் பிரிவு பொருந்துமா? சேர்த்து வாங்கினால் தள்ளுபடி என்பது சாதாரண வணிகம். தனியாக விற்கவே மாட்டோம் என்பதுதான் பிரச்சினை. மேலும் அப்பிரிவு உரிமதாரரையே கட்டுப்படுத்துகிறது, உங்கள் முகவர் உரிமதாரர் அல்லர். தொகுப்பு நிலையத்தின் நிபந்தனையா, தரகுத் தொகை கருதி முகவர் செய்த கைவேலையா என்பது தெரியாமல் யார்மீதும் குறை சொல்ல முடியாது. என் ஊகம் இரண்டாவது. ஜவுளிக் கடைக்குச் சீன நிலையத்தில் விளம்பரம் எழுதித் தரும் முகவரை மாற்றுவது நல்லது.

ஆகவே விளம்பரம் கொடுக்கலாம், ஆனால் அந்தத் தொகுப்பில் அல்ல. நிலையங்களின் விற்பனைப் பிரிவுகளை நீங்களே நேரில் அணுகி, தமிழ் நிலையத்துக்கு மட்டுமான 30 விநாடி விலையைக் கேளுங்கள். மின்னலின் விலையையும் வாங்கி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஏனெனில் இருவரே உள்ள சந்தையில் உங்களிடம் உள்ள ஒரே பேர ஆயுதம் மற்றவரின் விலைப்பட்டியல்தான். பேராக் பகுதிக்கு மட்டும் விளம்பரத்தைப் பிரித்து ஒலிபரப்ப முடியுமா என்று கட்டாயம் கேளுங்கள். தொழில்நுட்பத்தில் அது இயலாததன்று. முடியாது என்றால், ஜொகூரிலும் கெடாவிலும் கேட்பவருக்காகவும் நீங்கள் பணம் கட்டுகிறீர்கள் என்பதைச் சொல்லியே விலையைக் குறைக்கலாம். ஒலிப்பதிவுச் செலவு விலைக்குள் அடங்குமா, எந்த நாளில் எந்த நேரத்தில் ஒலித்தது என்ற பதிவை எழுத்தில் தருவார்களா என்பவற்றையும் முன்பே பேசி முடியுங்கள்.

நேரம் தேர்ந்தெடுப்பதில் உங்களுக்கு முகவரைவிட நன்றாகத் தெரியும். வேலைவாய்ப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் வந்துவிட வேண்டும். தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் கைக்குப் பணம் வரும் அந்த நாள்களை ஒட்டி, மக்கள் வேலைக்குக் கிளம்பும் காலைப்பொழுதில் சில நாள்கள் நெருக்கமாக ஒலிப்பது, மாதம் முழுவதும் தூவுவதைவிடப் பயன் தரும். மீதிப் பணத்தைக் கோயில் திருவிழாப் பதாகைக்கும், தாமான் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களுக்கும் ஒதுக்குங்கள். உங்கள் கடைக்கு அரை மணி நேரத்தில் வந்து சேரக்கூடியவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

ஊருக்கென வானொலி வேண்டும் என்று மகன் விரும்பினால், சரவாக்கின் பாரியோ மலைப்பகுதியில் கெலாபிட் மக்களுக்காக 2011இல் தொடங்கிய ரேடியோ பாரியோவைப் பற்றிப் படிக்கச் சொல்லுங்கள். அமெரிக்காவில் 100 வாட் சிறு பண்பலைகளுக்கு 2000இல் வழி திறந்தது போன்ற ஏற்பாட்டை இங்கும் கேட்டு அமைச்சுக்கு எழுதலாம். அதற்குத் தோட்டத்து இளைஞர் மன்றமோ பள்ளி முன்னாள் மாணவர் சங்கமோ கையெழுத்திட்டால் கூடுதல் எடை இருக்கும்.

ஒருவேளை நிலையமே தமிழ் அலைவரிசையைத் தனியாக விற்க மறுத்தால், மறுப்பை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கடிதத்தோடு விலைப்பட்டியலையும் இணைத்து, 136ஆம் பிரிவைக் குறிப்பிட்டு எம்சிஎம்சிக்கு எழுதுங்கள். வாய்மொழியாகச் சொன்னதை வைத்துப் புகார் எழுதினால் அது நகராது.