முத்தக் காட்சிக்கு சர்டிஃபிகேட்டா? அந்த 25,000 ரூபாயைக் குடுக்காத

கேள்வி: ஊரு வியாசர்பாடி, வயசு 24. நாடகத்துல நடிச்சிட்டிருந்தேன், இப்ப ஒரு வெப் சீரிஸ்ல நல்ல ரோல் கெடைச்சிருக்கு. அதுல ஒரு முத்தக் காட்சி, ஒரு பெட்ரூம் காட்சி. அந்த நேரத்துல உடம்பு நம்ம பேச்சைக் கேக்கலைன்னா அசிங்கமாயிடுமேன்னு தூக்கமே வரல. நடிக்க ஆள் சேர்த்து விடுற கோஆர்டினேட்டர் அண்ணன், இன்டிமேட் சீன் ட்ரெயினிங் சர்டிஃபிகேட் இருந்தா தான் கம்பெனில ஒத்துக்குவாங்க, 25,000 ஆகும், முதல்ல சட்டை இல்லாம ஒரு வீடியோ அனுப்புன்றாரு. அனுப்பலாமா அக்கா?

பதில்: அனுப்பாத தம்பி. மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம், முதல்ல அந்த ஆளுக்கு ரிப்ளை பண்றத நிறுத்து.

உன் பயத்துக்கு வரேன். ஸ்பாட்ல போய்ப் படுத்தா உனக்கே சிரிப்பு வரும். நான் பண்ண ஒரு சீன்ல, சவுண்டுக்காக ஏசிய ஆஃப் பண்ணிட்டாங்க, மேல ரெண்டு லைட்டு கொதிக்குது, கேமரா ஃபோகஸ் பாக்குற ஃபோகஸ் புல்லர் டேப்ப நீட்டி என் மூக்குக்கும் லென்ஸுக்கும் எத்தனை அடின்னு அளக்குறாரு, பெட்ஷீட்டு நழுவக்கூடாதுன்னு தோள்ல டபுள் சைடு டேப் ஒட்டியிருக்கு, கூட நடிச்சவரு காதுகிட்ட வந்து மேடம் எனக்குக் கால் மரத்துப்போச்சுங்குறாரு. இதுல எங்கேருந்து மூடு வர்றது?

அப்படியும் உடம்பு ஏதாச்சும் பண்ணுச்சுன்னா அது உன் குத்தம் இல்ல. தோல் கலர்ல டைட்டா ஷார்ட்ஸ் குடுப்பாங்க, ரெண்டு பேருக்கும் நடுவுல சின்ன குஷன் இல்லனா காத்து பாதி எறக்குன பந்து வெப்பாங்க, கேமராக்குத் தெரியாது. ஒரு நிமிஷம்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போய்த் தண்ணி குடி, ஏன்னு யாருக்கும் வெளக்க வேணாம்.

உங்க பக்கம் பாக்ஸிங் பசங்க ஸ்பாரிங் பண்றத பாத்திருப்பல்ல, எவ்ளோ வேகம், எங்க அடிக்கக்கூடாதுன்னு பேசிட்டு தான ஏறுவாங்க? அதே தான் இது. மொதநாளே அந்தப் பொண்ணோட உக்காரு, டைரக்டரும் இன்னொரு லேடியும் கூட இருக்கணும், தனியா ரூம்ல வேணாம். இங்க கை வெக்கலாம் இங்க கூடாதுன்னு அவங்க அவங்க கையாலயே தொட்டுக் காட்டணும், நீயும் காட்டு. கை எப்ப தோளுக்குப் போகுது, எத்தனை எண்ணுறதுக்குள்ள விலகணும், எல்லாம் டான்ஸ் ஸ்டெப் மாதிரி பிக்ஸ் பண்ணிட்டா மண்டை எண்ணிக்கைல பிசியாயிடும். ஆங், அன்னைக்கு நெத்திலி கருவாடு வேணாம்டா சாமி.

எனக்கு எரிச்சல் எதுலன்னா, ஒரே ஒரு அறை விழுற சீனுக்குக் கூட ஃபைட் மாஸ்டரக் கூப்பிடுறாங்க, இதுக்கு மட்டும் 'நீங்களே பாத்துப் பண்ணிக்கங்க'ன்னு கட்டிலக் காட்டிட்டுப் போயிடுறாங்க. அமெரிக்க டிவி கம்பெனி எச்பிஓ 2018லயே இந்த மாதிரி சீனுக்கெல்லாம் இன்டிமசி கோஆர்டினேட்டர், அதாவது நடிக்கிறவங்க சம்மதத்தோட ஸ்டெப் ஸ்டெப்பா சீன அமைச்சுக் குடுக்குற ஆளு, கண்டிப்பா வேணும்னு முடிவு பண்ணிட்டான். இங்க ஆஸ்தா கன்னானு ஒருத்தங்க, இந்தியால முறையா சர்டிஃபிகேட் வாங்குன முதல் ஆளு. கவனி, சர்டிஃபிகேட் அந்த வேலை பாக்குறவங்களுக்கு, நடிக்கிற உனக்கு இல்ல! பேர்ல கோஆர்டினேட்டர்னு இருந்தா ரெண்டும் ஒண்ணாயிடுமா? இந்தக் குழப்பத்த வெச்சு தான் உங்கண்ணன் பொழைக்கிறாரு. போர்ட்ஃபோலியோக்குக் காசு, கார்டுக்குக் காசு, லுக் டெஸ்ட்டுக்கு லாட்ஜுக்கு வான்றது, எல்லாம் ஒரே கும்பல். வேலை குடுக்குறவன் தான் காசு குடுக்கணும், நீ இல்ல. ஆடிஷன்ல துணிய அவுக்கச் சொல்றவன் சினிமாக்காரனே இல்ல. ஏற்கனவே ஏதாச்சும் அனுப்பிட்டு மிரட்டல் வந்தா சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு அடி. வேலை எடத்துத் தொந்தரவுக்கான 2013 சட்டம் பொண்ணுங்களுக்குத் தான், ஆனா ஐடி சட்டம் 66இ ஆம்பளைக்கும் உண்டு, சம்மதம் இல்லாம அந்தரங்கப் படம் எடுத்தாலோ பரப்புனாலோ 3 வருஷம் வரைக்கும் உள்ள போகலாம். கேரளால சினிமாப் பொண்ணுங்க படுற தொந்தரவப் பத்தி ஹேமா கமிட்டி 2019ல குடுத்த ரிப்போர்ட்டு 2024ல தான் வெளிய வந்துச்சு, அதனால மேல இருக்குறவங்க பாத்துப்பாங்கன்னு உக்காந்துறாத.

அக்ரிமெண்ட்ல உடம்பு எவ்ளோ தெரியும், ஸ்பாட்ல யார் யார் இருப்பாங்க, மானிட்டர் யார் பாப்பாங்க, எல்லாம் எழுத்துல வாங்கு. பாடி டபுள், அதாவது உனக்குப் பதிலா உடம்பக் காட்டுற டூப், அத மட்டும் தனியா எழுதி வாங்கணும். நீ மாட்டேன்னு சொன்னதையே வேற உடம்ப வெச்சு எடுத்து உன் மூஞ்சிக்கு அடுத்த ஷாட்டா ஒட்டிட்டா பாக்குறவனுக்கு அது நீ தான், வியாசர்பாடில வீடு வீடாப் போய் அது நான் இல்லன்னு சொல்லிட்டிருக்க முடியுமா? அதனால டபுள் போட்டா என்கிட்ட முன்கூட்டியே கேக்கணும், எடிட் பண்ணத எனக்குக் காட்டணும்னு ரெண்டு வரி. டபுளே கெடையாதுன்னு வாயால சொன்னாலும் எழுதச் சொல்லு. போட மாட்டேன்றவனுக்கு எழுதுறதுல என்ன நஷ்டம்?

சீன் முடிஞ்சதும் அந்தப் பொண்ணோட நெசப்பேரச் சொல்லி ஒரு தேங்க்ஸ் சொல்லு, காஸ்ட்யூம கழட்டிட்டு மூஞ்சி கழுவு, கேரக்டர் அங்கயே கழண்டுடும். வீட்ல அம்மாகிட்ட ட்ரெய்லர் வர்றதுக்கு முன்னாடி நீயே சொல்லிடு. அக்ரிமெண்ட் வந்தா கையெழுத்துப் போடாம ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டு ஞாயித்துக்கிழமை பெரம்பூர் கிளாஸுக்கு வா, உக்காந்து படிக்கலாம்.