கடைவாய்ப்பல்லுக்கு ஜிர்கோனியா கேப்: 16,000 ரூபாய் எதற்கு?

கேள்வி: என் அம்மாவுக்கு 64 வயது. கீழ்க் கடைவாய்ப்பல்லில் ரூட் கெனால் முடிந்துவிட்டது. கேப் போட மூன்று விலை சொல்கிறார்கள். உலோகத்தின் மேல் பீங்கான் வைத்தது 4,500 ரூபாய். ஜிர்கோனியா 9,000, பத்து வருட வாரண்டி. ‘இம்போர்ட்டட் மல்டிலேயர்’ ஜிர்கோனியா 16,000, பதினைந்து வருட வாரண்டி. பீங்கான் என்றாலே உடையும், உலோகம்தான் நிற்கும் என்கிறார் மாமா. ஜிர்கோனியா கடற்கரை மணலில் எடுப்பது, கதிர்வீச்சு வரும் என்று வாட்ஸாப்பில் வேறு வந்திருக்கிறது. எதைப் போடுவது?
(தென்காசியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: நான் பல் டாக்டர் இல்லை. முப்பது வருடம் சூளையோடு மல்லுக்கட்டிய பீங்கான் பொறியாளர். பல்லைப் பற்றி உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்; அதன் மேல் உட்காரப்போகிற பொருளைப் பற்றி நான் சொல்கிறேன். 9,000 ரூபாய்க் கேப் அம்மாவுக்குப் போதும். மேலே பீங்கான் பூசாமல், முழுக்க ஒரே ஜிர்கோனியாவில் கடைந்ததாக அது இருக்க வேண்டும், அவ்வளவுதான். மேற்கொண்டு கேட்கிற 7,000 ரூபாய் பெரும்பாலும் அழகுக்கான காசு. கீழ்க் கடைவாயில் அழகை யார் எட்டிப்பார்க்கப் போகிறார்கள்?

மாமா சொல்வது பழைய பீங்கானுக்கு முழுக்கப் பொருந்தும். காபி கோப்பை, வாஷ்பேசின், உலோகக் கேப்பின் மேல் பூசுகிற வெள்ளைப் பீங்கான் எல்லாம் ஒரே குடும்பம். ஃபெல்ஸ்பார் என்கிற கல் அதில் பாதி உருகிக் கண்ணாடியாகிவிடுகிறது. கண்ணாடி டம்ளரில் ஒரு கீறல் விழுந்தால் அது நிற்காமல் ஓடுமே, இதிலும் அப்படித்தான். 4,500 ரூபாய்க் கேப்பில் உள்ளே இருக்கிற உலோகம் உடையாது. வெளிப்பூச்சுதான் ஒருநாள் முறுக்கு கடிக்கும்போது சில்லாகப் பெயரும்.

ஜிர்கோனியாவும் பீங்கான்தான், ஆனால் வேறு ரகம். விரிசலின் முனை நெருங்கினால் அங்கே இருக்கிற நுண்ணிய மணிகள் தங்கள் படிக வடிவத்தை மாற்றிக்கொண்டு, சுமார் 4 சதவீதம் உப்பிவிடும். உப்பின மணிகள் இரண்டு பக்கமும் நெருக்க, விரிசல் மேலே போக முடியாமல் திணறும். 1975-இல் ஆஸ்திரேலியாவில் கார்வி, ஹானிங்க், பாஸ்கோ என்ற மூன்று ஆய்வாளர்கள் இதை எழுதியபோது ‘பீங்கான் எஃகா?’ என்று கேள்விக்குறி போட்டே தலைப்பு வைத்தார்கள். விற்க வந்தவர்கள் முதல் வேலையாக அந்தக் கேள்விக்குறியை எடுத்துவிட்டார்கள். கணக்கில் சொன்னால், பழைய பீங்கானை வளைத்து உடைக்க 100 மெகாபாஸ்கல் அழுத்தமே அதிகம். கடைவாய்க்கான ஜிர்கோனியா 1,000 பக்கம் தாங்கும்.

‘கடைவாய்க்கான’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஜிர்கோனியாவில் இட்ரியா என்று ஒரு பொருளைக் கொஞ்சம் கலப்பார்கள். 3 சதவீதம் கலந்தால் 3 ஒய், 5 சதவீதம் என்றால் 5 ஒய் என்று கேப் செய்கிற லேப்பில் சொல்வார்கள். 3 ஒய் சுண்ணாம்பு மாதிரி கொஞ்சம் மங்கலான வெள்ளை. பலம் அதில்தான். இட்ரியா கூடக்கூட வெளிச்சம் ஊடுருவும், நிஜப்பல் போலப் பளிச்சென்று இருக்கும். ஆனால் உப்பி விரிசலைத் தடுக்கிற குணம் போய்விடும். 5 ஒய்யின் பலம் 3 ஒய்யில் பாதியை ஒட்டித்தான் வரும். ‘மல்டிலேயர்’ என்று விற்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் நிறம் மட்டும் அடுக்கடுக்காக மாறும். இன்னொன்றில் இட்ரியாவும் மாறும். அதில் மெல்லுகிற மேல்பக்கம்தான் பலம் குறைந்த பக்கம். விலை கூடினால் பலமும் கூடும் என்று நினைத்துக்கொண்டு முறுக்கும் சீடையும் கடிக்கிற பல்லுக்கு இதை வாங்கிப்போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறெரிகிறது. முன்பல்லாக இருந்தால் என் பதிலே வேறு.

‘இம்போர்ட்டட்’ என்பதும் ஒரு மந்திரம். பெரும்பாலானவர்கள் இம்போர்ட்டட்தான் விற்கிறார்கள். கேப்பைக் கடைந்தெடுக்கிற ஜிர்கோனியா வட்டுக்கு டிஸ்க் என்று பெயர். ஜெர்மன் பெயர் போட்டு வருகிற டிஸ்க்குகளில் பலவற்றுக்கும் பொடி ஜப்பானின் டோசோ நிறுவனத்திடமிருந்து வருகிறது. அதே பொடியில் சாதாரணப் பெயரிலும் டிஸ்க் வரும்.

கதிர்வீச்சுப் பயத்தை விட்டுவிடுங்கள். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட்டும் இருக்கிறது, சிர்க்கானும் இருக்கிறது. கதிர்வீச்சு தருகிற தோரியம் நிறைய இருப்பது மோனசைட்டில். சிர்க்கானிலும் துளி யுரேனியம், தோரியம் உண்டு. ஆனால் அதை ரசாயன முறையில் பிரித்துச் சுத்தம் செய்த பிறகுதான் ஜிர்கோனியா கிடைக்கிறது. பல் பீங்கானுக்கான ஐஎஸ்ஓ 6872 தரத்தில் இதற்கென்றே ஒரு வரம்பு இருக்கிறது, கிராமுக்கு 1 பெக்கரல் (கதிர்வீச்சை அளக்கிற அலகு). முறையாகச் செய்த பொடியில் வந்த கேப்பால் இந்தப் பக்கத்திலிருந்து ஆபத்து கிடையாது.

சரி, வாரண்டிக்கு வருவோம். அந்தக் கார்டைக் கேட்டு வாங்கி, பொடி எழுத்தைப் படியுங்கள். நான் படித்த கார்டுகளில் எல்லாம் ‘கேப் உடைந்தால் மாற்றித் தருவோம்’ என்பது மட்டும்தான் இருந்தது. கழன்று விழுந்தால்? கிடையாது. உள்ளே பல் சொத்தையானால்? கிடையாது. மாற்றும்போது டாக்டர் கூலி? நீங்கள்தான். ஜிர்கோனியா கேப் உடைவது அபூர்வம், கழல்வதும் அடியில் பல் கெடுவதும்தான் நடக்கிறது. நடக்காத காரியத்துக்குப் பதினைந்து வருடம் உத்தரவாதம் கொடுக்க யாருக்குத்தான் கசக்கும்? பத்து வருடக் கார்டையும் பதினைந்து வருடக் கார்டையும் வைத்து விலையை ஒப்பிடவே ஒப்பிடாதீர்கள். கார்டில் டிஸ்க் செய்த நிறுவனத்தின் பெயரும் லாட் எண்ணும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லாவிட்டால் அது அச்சகத்தில் அடித்த அட்டை. கிளினிக்குக்கும் லேப்புக்கும் நடுவில் ஓர் ஏஜென்ட் புகுந்து, டிஸ்க் பெயரை மாற்றிச் சொல்வதையும் பார்த்திருக்கிறேன். டாக்டருக்கே அது தெரிவதில்லை. குக்கர் வாங்கினால் ஐஎஸ்ஐ முத்திரையைத் தேடுகிறோம். மருத்துவச் சாதனங்களுக்கு 2017-இலேயே விதிகள் வந்துவிட்டன. வாயில் ஆயுசுக்கும் இருக்கப்போகிற பண்டத்துக்கு ஒரு துண்டுச் சீட்டு கேட்டால் மட்டும் நம்மை ஏற இறங்கப் பார்க்கிறார்கள்.

இதைவிட முக்கியமானதை யாருமே கேட்பதில்லை: அது எப்படிச் சுடப்பட்டது? டிஸ்க் வரும்போது சாக்பீஸ் மாதிரி மெத்தென்று இருக்கும். கம்ப்யூட்டர் மெஷினில் கேப்பை 20 முதல் 25 சதவீதம் பெரிதாகக் கடைந்து, 1,500 டிகிரி பக்கம் சூளையில் வைப்பார்கள். அங்கேதான் அது சுருங்கி, இறுகி, சரியான அளவுக்கு வரும். சாதாரணமாக ஏழெட்டு மணி நேரம் ஆகும். இப்போது ஒரு மணிக்குள் சுட்டு எடுக்கிற வேகச் சூளைகளும் வந்துவிட்டன. அதற்கென்றே செய்த டிஸ்க், மெல்லிய கேப் என்றால் தப்பில்லை. ஆனால் ‘நாளைக்கே வேண்டும்’ என்று நோயாளி நெருக்க, டாக்டர் லேப்பை நெருக்க, எந்த டிஸ்க்கையும் வேகத்தில் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். நிறம் ஏற்ற முக்கின திரவம் காயுமுன் சூளையில் வைப்பதும் உண்டு. ஈரம் காயாத பானையைச் சூளையில் வைத்தால் என்ன ஆகும் என்று குயவர் வீட்டுப் பிள்ளையைக் கேளுங்கள், சொல்லும்.

இதில் உலகமே பட்ட பாடு ஒன்று உண்டு. இடுப்பு மூட்டு மாற்று அறுவையில் வைக்கிற ஜிர்கோனியா உருண்டைகளை ஒரு பிரெஞ்சு நிறுவனம் செய்துவந்தது. வருடக்கணக்கில் பிரச்சினை இல்லை. 1998-இல், ஒவ்வொரு ஈடாகச் சுடுகிற சூளையை விட்டுவிட்டு, தொடர்ந்து ஓடுகிற சுரங்கச் சூளைக்கு மாறினார்கள். செய்பொருள் மாறவில்லை, மாறியது சூடும் ஆறுகிற விதமும்தான். உருண்டைகள் நோயாளிகளின் உடம்புக்குள்ளேயே உடைய ஆரம்பித்தன. 2001-இல் சரக்கைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. பல் கேப்பில் அப்படி ஒரு விபரீதம் நடக்கவில்லை, பயப்பட வேண்டாம். டாக்டரிடம் ‘லேப்புக்கு நாலு நாள் கூடக் கொடுங்கள், எங்களுக்கு அவசரம் இல்லை’ என்று நீங்களாகச் சொல்லுங்கள். இதற்குக் காசு கிடையாது.

இன்னொன்று. அம்மா தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பார்களா? பக்கத்தில் படுக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஆமாம் என்றால் நான் இதுவரை சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். என் அண்ணன் அப்படிக் கடிக்கிறவர். கடைவாயில் ஜிர்கோனியா போட்டார். கேப் ஒட்டியபின் கடி உயரமாக இருக்கிறது என்று டாக்டர் வைர முனையால் ஒரு ஓரத்தைத் தேய்த்துவிட்டு, அப்படியே அனுப்பிவிட்டார். மூன்றாம் வருடம் கேப் கழன்று கையோடு வந்தது. அதை வாங்கி எங்கள் லேபில் மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். தேய்க்காத இடம் கண்ணாடி மாதிரி. தேய்த்த இடம் உழுது போட்ட புஞ்சை, வரிவரியாக. அந்த வரிகளுக்கு நேர் மேலே இருந்த அண்ணனின் சொந்தப் பல் குழிந்து போயிருந்தது. கேப்புக்கு ஒன்றுமில்லை. மெருகு ஏறிய ஜிர்கோனியா எதிர்ப்பல்லைப் பழைய பீங்கானைவிடக் குறைவாகத்தான் தேய்க்கும். மெருகு போனது அரம். இரவில் கடிக்கிறவருக்கு அது விடிய விடிய ஓடுகிற அரம். ரூட் கெனால் செய்த பல் ஏற்கெனவே உள்ளே குடைந்த பல். உடையாத கேப்பை மேலே வைத்துக் கடித்தால் அடி வேர் விரியலாம். வேர் விரிந்தால் பெரும்பாலும் பல்லை எடுப்பதுதான் வழி. அதனால் அம்மாவுக்கு அந்தப் பழக்கம் இருந்தால் கேப் விலையைப் பேசும்முன் இரவில் பல்லில் மாட்டிக்கொள்கிற ‘நைட் கார்டு’ என்ற தடுப்புறை பற்றிப் பேசுங்கள். எதிர்ப்பல்லிலும் கேப் இருக்கிறதா, அது எந்தப் பொருள் என்று டாக்டரிடம் காட்டுங்கள். இந்த இரண்டும் தெரியாமல் ‘ஜிர்கோனியாதான் பெஸ்ட்’ என்று யார் சொன்னாலும், நானே சொன்னாலும், நம்பாதீர்கள்.

அப்புறம், கேப் மாட்டுகிற நாளன்று நீங்களும் கூடப் போங்கள். சிமென்ட் வைக்குமுன் சும்மா மாட்டிப் பார்ப்பார்கள், நீலத்தாளைக் கடிக்கச் சொல்வார்கள். உயரமாக இருக்கிற இடத்தில் நீலம் பதியும். அங்கே தேய்க்க வேண்டும் என்றால் தண்ணீர் விட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். உலர்வாகத் தேய்த்தால் சூடு ஏறி நுண்விரிசல் விடும். தேய்த்த பிறகு ரப்பர் முனையால் மெருகு ஏற்ற வேண்டும், பெரிய வேலை ஒன்றும் இல்லை. முடிந்ததும் அம்மாவை நாக்கால் அந்த இடத்தைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். சொரசொரவென்று பட்டால் நாற்காலியை விட்டு எழ வேண்டாம்.