பழைய ஹோண்டா மங்கி வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

மினி பைக் சேகரிக்கத் தொடங்குபவர்கள் பலரும் முதலில் கேட்பது இதைத்தான். எந்த மாடல் என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

1961இல் டோக்கியோ அருகே இருந்த டாமா டெக் பூங்காவில் விளையாட்டு வண்டியாக ஓடியது இசட்100. அது அருங்காட்சியகச் சரக்கு, நம் கைக்கு எட்டாது. சாலைக்கென்று ஜப்பானில் 1967இல் வந்தது இசட்50எம். 49 சிசி எஞ்சின், 5 அங்குலச் சக்கரம். காரின் டிக்கியில் வைப்பதற்காக ஹேண்டில்பாரை மடக்கலாம், சீட்டையும் இறக்கலாம். சஸ்பென்ஷனே கிடையாது, முதுகு சொல்லும்! ஆனாலும் சேகரிப்பவர்கள் தேடுவது இதைத்தான். அடுத்து வந்த இசட்50ஏ-வில் 8 அங்குலச் சக்கரமும் முன் சஸ்பென்ஷனும் சேர்ந்தன. பின் சஸ்பென்ஷன் 1974இன் இசட்50ஜே-யில்தான் வந்தது. ஓட்டவும் ஆசை என்றால் இதுவே நல்லது.

சரி, ஏமாறாமல் இருப்பது எப்படி? மங்கிக்குப் புது நகல் பாகங்கள் ஏராளம். டேங்க், சீட், ஃப்ரேம்கூடக் கிடைக்கும். சீனத் தயாரிப்பு நகல் வண்டிகளும் உண்டு. அதனால் பளபளப்பைப் பார்க்காதீர்கள். ஃப்ரேம் எண் எந்த மாடல் குறியீட்டில் தொடங்குகிறது, அதைத் தேய்த்து மறுபடி அடித்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் எண்ணும் அந்தக் காலத்துக்குப் பொருந்த வேண்டும். அப்புறம், டேங்குக்குள் டார்ச் அடித்துத் துருவைப் பாருங்கள். மங்கலான அசல் பெயின்ட் இருந்தால் மேலே புதிதாகப் பூசிவிடாதீர்கள். என்னைக் கேட்டால் புதுப்பித்த வண்டியைவிட அதற்கே மதிப்பு அதிகம்.